கொல்லைக்கு வந்த பால் ஆடுகள்

உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் யமுனையும் சம்பலும் நெருங்கி ஓடும் சகர்நகர் வட்டாரம் முழுக்க மழைநீர் அரித்த பள்ளத்தாக்குகளால் ஆனது. ஏர் இறங்காத அந்த மேடுபள்ளங்களில் கருவேலும் இலந்தையும் மற்ற முட்புதர்களும் மண்டிக் கிடக்கின்றன. இந்தியாவில் பேர்பெற்ற பால் ஆடான ஜமுனாபாரியின் பிறப்பிடம் இதுதான். வெள்ளை உடல், கிளிமூக்காக வளைந்த முகம், ஒரு சாணுக்கும் மேல் தொங்கும் காது, பின்தொடைகளில் நீண்டு வளர்ந்த மயிர் என்று தூரத்திலேயே அடையாளம் தெரியும். நெடுநெடுவென்ற கால்களுடைய இந்த ஆடு குனிந்து புல் மேய்வதைவிட நிமிர்ந்து தழை கடிப்பதையே விரும்பும். பகலெல்லாம் பள்ளத்தாக்கில் அலைந்து தின்றுவிட்டு வரும் பெட்டை நாளுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் கறக்கும். ஓர் ஈற்றுக்கு ஆறு மாத அளவில் ஏறத்தாழ 200 கிலோ பால். அந்தப் பாலை மட்டும் கேள்விப்பட்டு ஆட்டை ஓட்டிச் சென்றவர்கள் பலர். அதைத் தந்த தழைக்காடு உடன் போகவில்லை.

ஜமுனாபாரியின் நாட்டுக்குப் பக்கத்திலேயே நேர்மாறான இன்னொரு பால் ஆடு உருவானது. ஏட்டா, ஆக்ரா, மதுரா, அலிகார் நகரங்களின் குறுகிய சந்துகளில் வளர்ந்த பார்பாரி சிறிய உருவம் கொண்டது. வெள்ளைத் தோலில் பழுப்புப் புள்ளிகளும், மான்குட்டிபோல விறைத்து நிற்கும் குட்டைக் காதுகளும் உடையது. மேய்ச்சலுக்குப் போகாமல் வாசலில் கட்டிப்போட்ட இடத்திலேயே தீனி தின்று வாழப் பழகிய ஆடு அது. ஓர் ஈற்றில் அது தரும் பால் 100 கிலோவைச் சற்றே தாண்டும். ஜமுனாபாரியோடு ஒப்பிட்டால் பாதிதான். ஆனால் பார்பாரிப் பெட்டையின் எடையும் 23 கிலோ அளவுதான். ஜமுனாபாரிப் பெட்டை 40 கிலோவை ஒட்டியிருக்கும். உடல் எடைக்குக் கணக்குப் போட்டால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். அதோடு பார்பாரி சிறு வயதிலேயே சினைப்படும், பெரும்பாலும் இரட்டைக்குட்டி போடும். ஜமுனாபாரி முதல் ஈற்றுக்கு வருவதற்குள் இரண்டு வயது கடந்துவிடும், குட்டியும் பல வேளைகளில் ஒன்றுதான். சந்து வீட்டுக்காரர்கள் ஏன் பெரிய ஆட்டை நாடவில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. ஆனாலும் வெளியூர்களில் புகழ் முழுவதும் ஜமுனாபாரிக்கே போயிற்று. உயரமும் காதும் சந்தையில் நன்றாக விலைபோகும்.

இங்கிலாந்துக்கு இந்திய ஆடுகள் போய்ச் சேர்ந்தது கப்பல் பயணிகளின் தேநீருக்காக. இந்தியாவிலிருந்து புறப்படும் நீராவிக் கப்பல்களில் வழியில் கறந்துகொள்ளப் பால் ஆடுகளை ஏற்றுவது வழக்கம். லண்டன் துறையை அடைந்தபின் அவற்றை அங்கேயே விற்றுவிடுவார்கள். வாங்க ஆள் இருந்தது. பொது மேய்ச்சல் நிலங்கள் வேலிக்குள் போனபின் பசு வளர்க்க வழியில்லாத கூலிக் குடும்பங்களுக்கு ஆடு வளர்ப்பைப் பரப்ப வேண்டும் என்று 1879இல் பிரிட்டிஷ் ஆட்டுச் சங்கம் தோன்றியிருந்தது. குடிசை வீட்டுக்கு எந்த ஆடு ஏற்றது என்ற கேள்வியை ஓர் அமைப்பாகக் கூடிப் பேசிய முதல் சில இடங்களில் அது ஒன்று. உள்ளூர் ஆடுகளோ குளிருக்குத் தாங்கும் சடைமயிர் கொண்டவை, பால் கொஞ்சம். அவற்றோடு தொங்குகாதுக் கிடாக்களைச் சேர்த்தார்கள். 1896இல் சாம் வுடிவிஸ் என்ற வளர்ப்பாளர் தருவித்த ஜமுனாபாரிக் கிடா அவற்றுள் புகழ்பெற்றது. சித்ரால் பகுதியிலிருந்தும் நுபியாவிலிருந்தும் வந்த கிடாக்களும் இந்தக் கலப்பில் உண்டு. அப்படிப் பிறந்த வம்சம் 1910இல் சங்கத்தின் வம்சாவளி ஏட்டில் தனிப் பிரிவாக ஏறியது. ஆங்கிலோ-நுபியன் என்ற பெயரில் இந்தியாவுக்கு இடமே இல்லை. காதையும் மூக்கையும் பார்த்தால் எட்டாவா தெரியும்.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் மலை ஆடுகளும் ஐரோப்பாவெங்கும் பரவிக்கொண்டிருந்தன. பெர்ன் மாநிலத்தின் ஸானே பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளை நிற ஸானன், டொக்கன்பர்க் பள்ளத்தாக்கிலிருந்து முகத்தில் வெள்ளைக் கோடு விழுந்த பழுப்பு ஆடு. நாளுக்கு மூன்று லிட்டர் தருவது ஸானனுக்குச் சாதாரணம், கறவையின் அளவில் அதோடு போட்டியிட வேறு ஆடு அரிது. ஆனால் அந்தப் பாலில் கொழுப்பு 3, 3.5 சதவீதம்தான். ஆங்கிலோ-நுபியன் குறைவாகக் கறந்தாலும் கொழுப்பு 4.5க்கும் 5க்கும் இடையே நிற்கும். குடிக்கவா, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் எடுக்கவா என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு தேர்வு மாறியது.

அமெரிக்க அரசு 1905இல் செய்த தேர்வு வேறு மாதிரி முடிந்தது. சிறு குடும்பங்களுக்கு ஏற்ற பால் ஆடு தேடிய வேளாண் துறையின் கால்நடைப் பிரிவு மால்ட்டா தீவைக் கைகாட்டியது. காரணம் நியாயமானதே. தண்ணீரும் புல்லும் அருகிய அந்தப் பாறைத் தீவு கிட்டத்தட்ட முழுவதும் ஆட்டுப் பாலை நம்பியிருந்தது. வலேட்டா நகரத் தெருக்களில் ஆட்டுக்காரர் மந்தையை ஓட்டி வருவார். வீட்டம்மா பாத்திரத்தைக் கொண்டுவந்ததும் வாசலிலேயே கறந்து கொடுப்பார். தண்ணீர் கலக்க வழியில்லாத ஏற்பாடு. மடி பெருத்த, சாதுவான ஆடுகள். நகரத்துக் கொல்லைக்கு இவற்றைவிடப் பொருத்தமானவை கிடைக்காது என்று எவருக்கும் தோன்றியிருக்கும். 60க்கும் மேற்பட்ட ஆடுகள் ஜோஷுவா நிக்கல்சன் என்ற கப்பலில் ஏற்றப்பட்டன.

மால்ட்டாவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை வாரக்கணக்கில் படுக்கவைக்கும் விடாக்காய்ச்சல் ஒன்று நெடுங்காலமாக இருந்தது. அதன் நுண்ணுயிரை டேவிட் புரூஸ் 1887இலேயே அடையாளம் கண்டிருந்தார். அது மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் புலப்படவில்லை. நீரையும் கொசுவையும் சாக்கடையையும் சந்தேகித்த பின் 1905இல் மால்ட்டா மருத்துவர் தெமிஸ்டோக்கிளிஸ் ஸாமிட் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். முதலில் சோதித்த ஆறில் ஐந்து ஆடுகளின் ரத்தம் தொற்று இருந்ததைக் காட்டியது. அந்த ஆடுகளிடம் நோயின் அறிகுறி எதுவும் இல்லை. நன்றாகத் தின்றன, நன்றாகக் கறந்தன, கிருமியைப் பாலில் இறக்கின. அமெரிக்கா வாங்கிய ஆடுகளும் அப்படிப்பட்டவையே. கப்பலில் பச்சைப் பாலைக் குடித்த மாலுமிகள் காய்ச்சலில் விழுந்தார்கள். கரை சேர்ந்த ஆடுகள் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்டு அழிக்கப்பட்டன. மால்ட்டாவில் 1906இல் படையினருக்கு ஆட்டுப் பால் நிறுத்தப்பட்டதும் சிப்பாய்களிடையே காய்ச்சல் சரசரவெனக் குறைந்தது. இன்று புருசெல்லோசிஸ் என்று அழைக்கப்படும் நோய் அது. ஆடு வாங்கும்போது மடியையும் பல்லையும் பார்ப்பதோடு ரத்தப் பரிசோதனையும் கேட்கும் பழக்கம், பாலைக் காய்ச்சிக் குடி என்ற கண்டிப்பு, இரண்டுக்கும் இந்தத் தீவின் அனுபவம் வலு சேர்த்தது. அமெரிக்காவில் மால்ட்டா ஆட்டின் வாய்ப்பு அத்தோடு முடிந்தது. 1893 முதலே அங்கு வந்திருந்த சுவிஸ் இனங்களும், 1909இல் கலிபோர்னியாவில் இறங்கிய ஆங்கிலோ-நுபியனும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

கிழக்கே போன ஜமுனாபாரிகளின் கதை இதைவிட நிதானமானது. டச்சு ஆட்சிக் காலத்தில் ஜாவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட எட்டாவா ஆடுகள் அங்கிருந்த சிறிய நாட்டு ஆடான கச்சாங்கோடு கலந்தன. மழை மிகுந்த ஜாவாவில் அந்தக் கலப்பினம் மேய்ச்சலை விட்டுக் கொட்டிலுக்குள் வந்தது. தரையிலிருந்து உயர்த்தி மரச்சட்டம் பரப்பிக் கட்டிய கொட்டில் அது. புழுக்கை கீழே விழுந்துவிடும், குளம்பில் ஈரம் சேராது. தழையை மனிதர்களே அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டார்கள். பெரானாக்கான் எட்டாவா என்று பெயர்பெற்ற இந்தக் கலப்புக்கு இன்று மத்திய ஜாவாவின் காலிகெசிங் மலைப்பகுதி பேர்போனது. ஜமுனாபாரியின் முழு உயரமும் இதற்கு இல்லை. அந்தத் தட்பவெப்பத்துக்கு அந்த உயரம் தேவைப்படவும் இல்லை.

இலங்கையில் ஜமுனாபாரிக்கு இடம் கிடைத்தது உலர்வலயத்தில். புத்தளம் மாவட்டத்து கொட்டுக்கச்சிய பண்ணையின் பெயரால் அழைக்கப்படும் இனம் ஜமுனாபாரியும் நாட்டு ஆடும் சேர்ந்து உருவானது. யாழ்ப்பாணத்தில் ஆட்டுக்கென்று மேய்ச்சல் தரை தேடவேண்டியிருக்கவில்லை. வளவைச் சுற்றிய உயிர்வேலியே தீனிக் கிடங்கு. கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்கள் தழைக்கத் தழைக்க குழையை வெட்டிக் கட்டினால் ஒன்றிரண்டு ஆடுகளின் பாடு தீர்ந்துவிடும். வெட்டினால்தான் வேலியும் அடர்ந்து வளரும். தழைதின்னியான ஜமுனாபாரி வம்சத்துக்கு எட்டாவாவுக்கு வெளியே இயல்பாக அமைந்த வீடுகளில் யாழ்ப்பாண வளவும் ஒன்று என்று சொல்லலாம். கொல்லை ஆட்டின் பாலில் போட்ட தேநீர் அங்கே பல தலைமுறைகளின் காலைப் பழக்கம்.

இந்தியாவில் ஆட்டுப் பாலுக்கு எதிர்பாராத மதிப்பைத் தேடித் தந்தவர் காந்தி. கல்கத்தாப் பால்காரர்கள் பசுக்களைப் படுத்திய கொடுமையை அறிந்து பாலே குடிப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தவர், கடும் நோய்க்குப் பின் 1919இன் தொடக்கத்தில் கஸ்தூர்பாவின் யோசனைப்படி ஆட்டுப் பால் குடிக்க இணங்கினார். சபதம் எடுத்தபோது பசுவும் எருமையுமே மனத்தில் இருந்தன என்பது அவர் சொன்ன சமாதானம். அது அவருக்கே முழு நிறைவு தரவில்லை என்பதைத் தன் சுயசரிதையில் மறைக்கவும் இல்லை. ஆனால் அவரைப் பின்பற்றி ஆடு வாங்க நினைத்தவர்களுக்கு எந்த இனத்தை வாங்குவது என்று சொல்ல நாட்டில் ஆராய்ச்சி என்று பெரிதாக ஏதும் இல்லை.

அந்த வேலை ஒழுங்காகத் தொடங்கியது 1971இல், அகில இந்திய ஒருங்கிணைந்த ஆட்டு ஆராய்ச்சித் திட்டத்தோடு. அப்போதைய நம்பிக்கை கலப்பினத்தின் மேல் இருந்தது. கர்னாலில் ஸானன், ஆல்பைன் கிடாக்களைப் பஞ்சாபின் பீட்டலோடு சேர்த்தார்கள். கேரளத்தின் மண்ணுத்தியில் அதே கிடாக்களை உள்ளூர் ஆடான மலபாரியோடு சேர்த்தார்கள். பண்ணையில் கறவை உயர்ந்தது உண்மை. பண்ணையில் அடர்தீவனமும் மருத்துவரும் நிழலும் இருந்தன என்பதும் உண்மை. வெளிறிய தோலுள்ள ஸானன் சொந்த ஊரிலேயே கடும் வெயிலைத் தாங்காத ஆடு. அதன் வாரிசுகள் கூலி வீட்டுக் கொல்லைக்கு வந்தபோது கூடுதல் தீனியையும் கவனிப்பையும் கேட்டன. பின்னர் ஆராய்ச்சியின் கவனம் நாட்டு இனங்களுக்குள்ளேயே நல்ல கறவையைத் தேர்ந்து பெருக்குவதற்குத் திரும்பியது. மதுரா அருகே மக்தூமில் 1979இல் நிறுவப்பட்ட மத்திய ஆட்டு ஆராய்ச்சி நிலையம் ஜமுனாபாரியையும் பார்பாரியையும் அப்படித்தான் பேணுகிறது. நல்ல ஜமுனாபாரிகள் வெளியூர்களுக்கு விற்கப்பட்டுப் போனதால் சகர்நகரிலேயே தூய வம்சம் அருகிப்போனது. அந்த இனத்தைப் பாதுகாக்க வேண்டிய நிலை வந்ததற்கு அதன் புகழே ஒரு காரணம்.

தமிழ்நாட்டு நாட்டு ஆடுகளில் பாலுக்கென்று ஏற்பட்டது எதுவும் இல்லை. கரிசல் பகுதியின் கன்னி ஆடு, அதைவிட உயர்ந்து நிற்கும் கொடி ஆடு, சேலம் கருப்பு எல்லாம் கறிக்கும் குட்டிக்கும் பேர்போனவை. கன்னி ஆட்டின் பால் அதன் இரட்டைக்குட்டிகளுக்கே சரியாக இருக்கும். அந்தக் குறையை நிரப்ப வந்தது கேரளத்து மலபாரி. இங்கே அதன் பெயர் தலைச்சேரி ஆடு. மலபார்க் கரைக்கு வணிகம் செய்ய வந்த அரபிகள் கொண்டுவந்த ஆடுகளும் உள்ளூர் ஆடுகளும் கலந்தது என்று கருதப்படும் இந்த இனத்துக்கு ஒரே நிறமோ ஒரே காதோ கிடையாது. வடகேரளத்தில் பெண்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்றாகக் கட்டி, பலா இலையும் சமையலறைக் கழிவும் போட்டு வளர்த்தவை. நாளுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை கறக்கும். ஈற்றுக்கு இரண்டு குட்டி, சில வேளை மூன்று. கண்காட்சியில் ஜமுனாபாரியின் பக்கத்தில் நிறுத்தினால் எடுபடாது. ஒரு குடும்பத்தின் காப்பிக்கும் குழந்தையின் பாலுக்கும் அது தாராளம்.

எந்த இனமானாலும் ஈன்றால்தான் பால், ஈனக் கிடா வேண்டும். இரண்டு பெட்டை வைத்திருப்பவர் ஒரு கிடாவுக்கும் சேர்த்துத் தீனி போட்டால் பால் செலவுக்கே சரியாகிவிடும். அதோடு கிடாவின் வீச்சம் அருகில் கறக்கும் பாலிலும் ஏறும் என்பதால் அதைத் தள்ளிக் கட்டவும் இடம் வேண்டும். பிரிட்டிஷ் ஆட்டுச் சங்கம் இதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உணர்ந்து, வம்சாவளிக் கிடாக்களைக் குறைந்த கட்டணத்தில் குடிசைக்காரர்களுக்குக் கிடைக்கச் செய்யும் திட்டத்தை நடத்தியது. இந்தியக் கிராமங்களில் பொலிகிடா வைத்திருக்கும் ஒரு வீட்டை ஊரே நம்பியிருப்பது பழைய வழக்கம். அந்தக் கிடா எந்த இனமோ சில ஆண்டுகளில் ஊர் ஆடுகளும் அந்தச் சாயலுக்கு வந்துவிடும். தூர ஊரிலிருந்து ஒற்றைப் பெட்டையாக வாங்கி வந்த ஜமுனாபாரி அடுத்த ஈற்றிலேயே கலப்புக் குட்டி போடுவதும் இதனால்தான். உறைவிந்து ஊசி பசுக்களில் பரவிய வேகத்தில் ஆடுகளில் பரவவில்லை. கேரளம் போன்ற சில இடங்களில் மலபாரி விந்து இப்போது கிடைக்கிறது. மற்ற ஊர்களில், சினைப்பருவத்தில் ஆட்டை நடத்திக் கூட்டிப்போகும் தூரத்தில் என்ன கிடா நிற்கிறது என்பதுதான் கொல்லை ஆட்டின் இனத்தை இன்னும் முடிவுசெய்கிறது.