அசைவின் உரிமை: தமிழ்த் திரையில் நகரும் இலச்சினைகள், படச்சுருள் முதல் மென்பொருள் வரை

திரைப்படம் தொடங்குவதற்கு முன் தயாரிப்பு நிறுவனத்தின் இலச்சினை சுழன்று, ஒளிர்ந்து, நிலைகொள்ளும் அந்தச் சில நொடிகளைத் திரை வரலாறு பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகிறது. அவற்றைப் பற்றிப் பேச நேரும்போதும், அசையாமல் நின்ற சின்னத்துக்குக் கணினிதான் உயிர் கொடுத்தது என்ற கருத்தே பொதுவாக முன்வைக்கப்படுகிறது. சான்றுகள் அந்தக் கருத்துக்கு இடம் தரவில்லை. இலச்சினையை அசைக்கும் கலை மென்பொருளுக்கு முன்பே முழு வளர்ச்சி பெற்றிருந்தது. கணினி செய்தது வேறொன்று. படத்தோடு ஒட்டிப் பிறந்த அசைவை அது படத்திலிருந்து பிரித்து, எந்தப் படத்துக்கும் பொருத்தக்கூடிய தனிச் சரக்காக மாற்றியது. இந்தப் பிரிவினையே இத்துறையின் மையமான வரலாற்றுத் திருப்பம் என்பதும், அதன் நன்மை தீமை இரண்டையும் அதிலிருந்தே விளக்க முடியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் படச்சுருளின் கணக்கைப் பார்க்க வேண்டும். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். ஆகவே 10 நொடி ஓடும் இலச்சினைக்கு 240 சட்டகங்கள், அதாவது 15 அடிச் சுருள் வேண்டும். அளவு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு முயற்சி பிசகினால் அந்தச் சுருள் போனது போனதுதான். அதைக் கழுவிப் பார்த்த பிறகே பிசகு தெரியவும் வரும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கச்சா பிலிமுக்குக் கட்டுப்பாடு வந்து, ஒரு கதைப்படம் 11,000 அடிக்குள் முடிய வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. போருக்குப் பின்னும் இறக்குமதியையும் அந்நியச் செலாவணியையும் நம்பியே படத்தொழில் நடந்தது. அந்தச் சார்பைக் குறைக்கும் நோக்கத்தோடு 1960இல் உருவான பொதுத்துறை நிறுவனம் நீலகிரியில் அமைந்தது. குன்னூரிலிருந்து மலையேறினால் வரும் உதகமண்டலத்தின் இந்து நகரில், பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு, இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. கறுப்பு வெள்ளைத் திரைப்படச் சுருள், எக்ஸ்ரே பிலிம், புகைப்படத் தாள் ஆகியவை அங்கே தயாராயின. ஒளிபடும் ரசாயனப் பூச்சுக்குத் தூசியற்ற குளிர்ந்த காற்று தேவை. தேயிலைக்குப் பேர்போன மலை, படத்தொழிலுக்கும் மூலப்பொருள் தரும் இடமானது.

அசையும் படம் முதலில் ஒரு பருப்பொருளாக இருந்தது என்பதை இந்தத் தொழிற்சாலை நினைவுபடுத்துகிறது. சுருளுக்கு விலை உண்டு, தட்டுப்பாடு உண்டு. எனவே இலச்சினையை ஒருமுறை செய்து, பல பத்தாண்டுகள் பிரதியெடுத்தார்கள். ஜெமினி நிறுவனத்தின் ஊதுகுழல் ஊதும் இரட்டைச் சிறுவர்களும், விஜயா நிறுவனத்தின் அனுமன் கொடியும் தலைமுறைகளின் மனத்தில் பதிந்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. மாற்றுவது எளிதாக இல்லாததும் காரணம். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. உதகைத் தொழிற்சாலையின் வீழ்ச்சியை எண்மத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கால வரிசை அதற்கு இடம் தரவில்லை. எண்மக் கேமரா பரவுவதற்கு முன்பே, 1990களின் நடுப்பகுதியிலேயே, அது நலிந்த நிறுவனமாகிவிட்டது. இறக்குமதிக் கதவு திறந்ததும் விரிவாக்கத்தால் ஏறிய கடனும் அதை வீழ்த்தின. அதை மூடும் முடிவை மத்திய அமைச்சரவை 2014இல் எடுத்தபோதுதான் எண்ம யுகம் முழுமை பெற்றிருந்தது.

பொருளின் இறுக்கம் இப்படி இருந்தாலும், அசைவின் இலக்கணம் அந்தக் காலத்திலேயே வகுக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் ஏர்ல் ஹர்ட் 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஒளிபுகும் தாள் முறையில், பின்னணி கீழே நிற்க, அசையும் உருவம் மட்டும் மேல் தாளில் மாறும். இன்றைய மென்பொருளின் அடுக்குகளுக்கு இதுவே மூதாதை. மேசைக்கு மேலே செங்குத்தாகப் பொருத்திய கேமராவை ஏற்றியும் இறக்கியும் எழுத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். ஒளியியல் அச்சு எந்திரத்தில் ஒரு சுருளின் உருவத்தை இன்னொரு சுருளின் காட்சிமேல் ஏற்றலாம். எழுத்தின் வடிவத்துக்குள்ளேயே ஓடும் காட்சியைக் காட்டலாம். இன்று எடிட்டிங் மேசையில் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதி அப்போதே கைவேலையாக நடந்தது.

இந்தியாவில் இதற்குச் சிறந்த சான்று தூர்தர்ஷனின் இலச்சினை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவராக இருந்த தேவாசிஸ் பட்டாச்சார்யா வரைந்த வடிவம் அது: ஒரு வட்டத்தை அணைக்கும் இரண்டு வளைவுகள் சேர்ந்து கண்ணாகின்றன. அதன் பிரதிகளைக் கேமராவின் கீழ் வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் படம்பிடித்து, அவை ஒன்றுசேர்ந்து கண்ணாவதுபோல் அசைவூட்டினார்கள். அந்தப் பணியில் ஆர். எல். மிஸ்திரி ஈடுபட்டார். அகில இந்திய வானொலியிலிருந்து தூர்தர்ஷன் பிரிந்த 1976 ஏப்ரல் 1 அன்று அது ஒளிபரப்பானது. வளைவுகள் சுழல்கின்றன, காரணம், அவை சுழலுக்கு இடம் தரும் வளைவுகள். இதே அசைவை ஒரு சதுரத்துக்குக் கொடுத்தால் பொருள் இராது. வடிவமே அசைவைக் கேட்டுப் பெறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு நம்மிடம் அரிது.

பிரிவினை எங்கே தொடங்கியது? கனடாவின் தேசிய ஆய்வுக் கழகத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் இருவரும் 1970களின் தொடக்கத்தில் முதன்மைச் சட்டக முறையைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். அசைவூட்டக் கூடங்களில் தலைமை ஓவியர் தொடக்க, முடிவு நிலைகளை வரைவார். இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் வரைவார்கள். அந்த உதவியாளரின் வேலையைக் கணினி ஏற்றது. 1993 ஜனவரியில் அமெரிக்காவின் ராட் தீவு மாநிலத்திலிருந்து வெளிவந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், இதைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே அது அடோபியின் கைக்கு மாறியது. ஓர் அடுக்கின் இடம், அளவு, சுழற்சி, ஒளிபுகும் தன்மை ஒவ்வொன்றும் இதில் ஓர் எண். முதல் நொடியில் ஓர் எண்ணையும் மூன்றாம் நொடியில் வேறோர் எண்ணையும் குறித்தால், இடைவெளியை மென்பொருள் நிரப்பும். மெல்லத் தொடங்கி, வேகம் பிடித்து, மெல்ல நிற்க வேண்டுமானால் ஒரு வளைகோட்டை வளைத்தால் போதும். அடுக்கில் இருப்பது லோகோவா, ஓடும் காட்சித் துணுக்கா என்று மென்பொருள் கேட்பதில்லை. இரண்டுக்கும் ஒரே எண்கள்தான். ஓர் அடுக்கின் எண்களை நகலெடுத்து இன்னோர் அடுக்கில் ஒட்டினால், அசைவு ஆள் மாறிப் போய்ச் சேர்கிறது. வரலாற்றில் முதல்முறையாக அசைவு உருவத்தை விட்டுத் தனியே நின்றது.

அதே 1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கியது. தமிழ்த் தனியார் தொலைக்காட்சிகள் பெருகப் பெருக, அசையும் இலச்சினைக்கான தேவையும் பெருகியது. அந்த வாசலில் நிற்கும் படம் 1992இல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய 'அண்ணாமலை'. 'சூப்பர் ஸ்டார்' என்ற ஆங்கில எழுத்துகள் நீலப் புள்ளிகளால் ஒவ்வொன்றாகத் தோன்ற, பின்னால் ரஜினியின் பெயர் பொன்னிறத்தில் வரும் முகப்பு, தேவாவின் இசையோடு அதில்தான் அறிமுகமானது. எழுத்து ஒவ்வொன்றாக வருவதில் ஒரு கணக்கு உண்டு: ஒவ்வோர் எழுத்துக்கும் அரங்கம் குரல் கொடுக்க நேரம் கிடைக்கிறது. பல நிறுவனங்கள் தயாரித்த பிற்காலப் படங்களிலும் அது தொடர்ந்தது. அப்படியானால் அசைவு அப்போதே இடம் மாறத் தொடங்கிவிட்டதல்லவா என்று கேட்கலாம். படத்துக்குப் படம் மாறியது உண்மை; ஆளுக்கு ஆள் மாறவில்லை. அந்த வரிசையும் ஒலியும் ஒருவரையே குறித்தன. அசைவும் கையொப்பமாக முடியும் என்பதற்கு அது சான்று.

பிரிவினையின் முழு விளைவு அதற்குப் பிந்தைய தலைமுறையில் தெரிகிறது. தமிழ்நாட்டுக் கல்யாண வீடியோக் கூடங்களில் எடியஸ் போன்ற எடிட்டிங் மென்பொருள் வேரூன்றியபோது, அதோடு ஆயத்த டெம்ப்ளேட்டுகளும் வந்தன. பெயரை மாற்றினால் மணமக்கள் மாறுவார்கள். லோகோவை மாற்றினால் ஸ்டுடியோ மாறும். பொன்தூள் சிதறி எழுத்தாகும் அசைவு மட்டும் மாறாது. குன்னூரில் எடுத்த கல்யாணத்துக்கும் கும்பகோணத்தில் எடுத்த கல்யாணத்துக்கும் ஒரே முகப்பு பொருந்திவிடுகிறது. எல்லாருக்கும் பொருந்தும் அசைவு எவரையும் அடையாளம் காட்டுவதில்லை. அடையாளம் காட்டுவதற்கென்றே பிறந்த இலச்சினைக்கு இது சிறிய இழப்பன்று.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். படச்சுருள் காலத்து இலச்சினைகளும் உலகுருண்டை, கோபுரம், சிங்கம் என்று ஹாலிவுட் மரபைப் பின்பற்றியவைதானே என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் மரபைப் பின்பற்றியவர்களும் தம் அசைவைப் புதிதாகச் செய்தே தீர வேண்டியிருந்தது. கருத்தைக் கடன் வாங்க முடிந்தது, சட்டகங்களை வாங்க முடியவில்லை. செய்யும்போது ஏற்படும் சிறு வேறுபாடுகளே தனித்தன்மையாயின. இரண்டாவது மறுப்பு வலுவானது. டெம்ப்ளேட் இல்லாவிட்டால் ஒரு சிறு நகரத்து ஸ்டுடியோவுக்கு அசையும் இலச்சினையே வாய்த்திருக்காது. பெரிய நிறுவனங்களின் ஏகபோகம் உடைந்ததைக் குறையாகச் சொல்லலாமா? சொல்லக் கூடாது. கருவி பரவியது நல்லது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் டெம்ப்ளேட்டைத் திறக்கும் அதே மென்பொருளில் வெற்று அடுக்கும் முதன்மைச் சட்டகமும் வளைகோடும் கூடவே இருக்கின்றன. தூர்தர்ஷன் இலச்சினையைச் செய்தவர்கள் கையால் சுழற்றிச் சாதித்ததை இன்று மாணவர் ஒருவர் ஒரு மாலையில் செய்து பார்க்கலாம். பிடிக்காவிட்டால் செலவில்லாமல் அழிக்கலாம். அவருக்குத் தேவை, இந்த வடிவம் எப்படி நகர விரும்பும் என்று முதலில் கேட்கும் பயிற்சி. அந்தப் பயிற்சியை மென்பொருள் தராது. பழைய இலச்சினைகளைச் சட்டகம் சட்டகமாகப் பிரித்துப் பார்ப்பது தரும்.

அதற்குச் சான்றுகள் மிஞ்ச வேண்டும். சுருளில் பதிந்த இலச்சினை, படத்தின் பிரதி உள்ளவரை கூடவே இருக்கும். மென்பொருளில் செய்ததற்கு அந்த உறுதி இல்லை. எழுத்துரு காணாமல் போனாலும், துணைநிரல் கைவிடப்பட்டாலும், பதிப்பு மாறினாலும் திட்டக் கோப்பு திறக்காமலோ பழையபடி தோன்றாமலோ போகலாம். அப்போது மிஞ்சுவது வெளியேற்றப்பட்ட வீடியோ மட்டும். எண்களாக இருந்த அசைவு மறுபடி சட்டகங்களுக்குள் உறைந்துவிடுகிறது, எப்படிச் செய்தார்கள் என்பது மறைந்துவிடுகிறது. எனவே சேனல்களும் ஸ்டுடியோக்களும் திட்டக் கோப்பு, எழுத்துரு, மூலப் படங்கள், செய்தவரின் பெயர் ஆகியவற்றை முடிந்த வீடியோவோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். 1964இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகமும், தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனமும் இவற்றைச் சேகரிக்கத் தகுந்த ஆவணங்களாக ஏற்க வேண்டும். செய்தவர் பெயரும் செய்த விதமும் பதிவாகாத வரை அசைவுக்கு உரிமையாளர் இல்லை. உரிமையாளர் இல்லாத கலையில் முன்னவரைக் கற்று மிஞ்சுவதற்கு வழியும் இல்லை.