வேலூர் நகரம்: வரலாற்றுத் திருப்பங்களும் நகர அமைப்பும்

வேலூர், ஜவ்வாது மலைத்தொடருக்கு வடகிழக்கே பாலாற்றின் தென்கரையில் அமைந்துள்ள மாநகரம். கிழக்கே குன்றுகள், வடக்கே ஆறு என இயற்கை வகுத்த எல்லைக்குள் வளர்ந்த ஊர் இது. ஆயினும் இதன் இன்றைய வடிவத்தை இயற்கையைவிட வரலாறே மிகுதியாகத் தீர்மானித்தது. நகரத்துக்கு ஒற்றை மையம் இல்லை. கோட்டை, காட்பாடி, மருத்துவமனை, சத்துவாச்சாரி என ஒவ்வொரு காலமும் ஒரு மையத்தை விட்டுச் சென்றது.

முதல் மையம் கோட்டை. விஜயநகரப் பேரரசின் கீழ் 16ஆம் நூற்றாண்டில் சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் கருங்கல்லால் கட்டப்பட்டது, சுற்றிலும் அகழி. 1565இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு நிலைகுலைந்தபின் அதன் தலைநகர் படிப்படியாகத் தெற்கே நகர்ந்தது. பெனுகொண்டா, சந்திரகிரி ஆகியவற்றுக்குப் பின் வேலூர் அரசிருக்கை ஆனது. கிருஷ்ணைக் கரையில் ஏற்பட்ட தோல்வி பாலாற்றங்கரை ஊர் ஒன்றைத் தலைநகராக்கியது. பின்னர் பீஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், ஆங்கிலேயர் எனக் கோட்டை கைமாறியபோதும் கடைவீதிகளும் குடியிருப்புகளும் அதன் கிழக்கே நிலைத்தன. லாங் பஜாரின் நெருக்கம் அந்தக் காலத்தின் எச்சம்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் திப்பு சுல்தானின் குடும்பம் இக்கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டது. அவர்களைச் சார்ந்த மைசூர் மக்கள் ஆயிரக்கணக்கில் பேட்டைப் பகுதியில் குடியேறினர். 1806 ஜூலை 10 அன்று வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சிக்குப்பின் அந்தக் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இங்கே சிறை வைக்கப்பட்டு 1832இல் இறந்தார். அவரது நினைவிடமான முத்து மண்டபம் பாலாற்றங்கரையில் உள்ளது. தோற்ற அரசர்களை அடைத்துவைக்கும் இடமாக ஊர் மாறிய காலம் அது. மத்திய சிறை 1830இல் நிறுவப்பட்டது.

நகரின் வடிவத்தை மிக ஆழமாக மாற்றியது ரயில். 1856இல் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில்பாதை, மேற்கே நீண்டபோது பாலாற்றின் வடகரையிலேயே சென்றது. எனவே பெரிய நிலையம் வேலூரில் அமையாமல், ஆற்றுக்கு அப்பால் காட்பாடியில் அமைந்தது. விழுப்புரம் பாதையில் வேலூர் கண்டோன்மென்ட் நிலையம் பின்னர் வந்தாலும் காட்பாடியின் முதன்மை குறையவில்லை. நகரமும் நிலையமும் ஆற்றின் இருகரைகளில் பிரிந்து நின்றதால், பாலத்தைக் கடந்து செல்லும் சாலையே ஊரின் முதுகெலும்பு ஆனது. 1984இல் கோ. விசுவநாதன் தொடங்கிய பொறியியல் கல்லூரி, இன்றைய வி.ஐ.டி., காட்பாடிப் பக்கம் அமைந்ததும் வடகரை தனி நகராகவே வளர்ந்தது.

1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சை நிலையமே கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகியது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் இங்கே நடந்தது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து வரும் நோயாளிகளுக்காக எழுந்த விடுதிகளும் வங்காளி உணவகங்களும் மருந்துக் கடைகளும் சுற்றியுள்ள தெருக்களின் முகத்தையே மாற்றின. தமிழ்நாட்டின் வேறு எந்த நடுத்தர நகரிலும் இவ்வளவு வங்காள எழுத்துப் பலகைகளைக் காண்பது அரிது. இந்த நிறுவனத்தின் சமூக நலப் பிரிவு ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையேயும் பணிபுரிகிறது. மலைக்கும் நகருக்கும் இடையிலான உறவுகளில் இது மதிக்கத்தக்க ஒன்று.

1911இல் சித்தூர் தனி மாவட்டமானபோது வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம் வேலூருக்கு வந்தது. நிர்வாகக் கட்டடங்கள் பின்னர் சத்துவாச்சாரியில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்தன. 2008இல் நகராட்சி மாநகராட்சி ஆனது. தொடர்ந்து சத்துவாச்சாரி, காட்பாடி முதலிய பகுதிகளும் சேர்க்கப்பட்டன. தனித்தனியே வளர்ந்த ஊர்களை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்த இந்த இணைப்பு மிகத் தாமதமாக நடந்தது. அதற்குள் ஏரிகளும் நீர்வழிகளும் பல இடங்களில் குடியிருப்புகளுக்கு இடையே சிக்கியிருந்தன.

பாலாற்றுப் பள்ளத்தாக்கின் தோல் தொழில் வேலை கொடுத்தது, நீரைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்தியது. ஆனால் ஜவ்வாது மலையிலிருந்து உத்திரகாவேரி வந்து கலக்கும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. வேலூர் இன்று குடிநீருக்குக் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையும் நம்பியிருக்கிறது.