சொன்னவரும் எழுதியவரும்

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மானிய இயற்பியலறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். சில மாதங்களுக்குள்ளாகவே அக்கதிர்கள் மருத்துவமனைகளுக்குள் நுழைந்தன. நாளடைவில் படத்தைப் பார்த்து நோயைக் கூறும் கதிரியல் மருத்துவர் என்னும் தனித் தொழிலினர் தோன்றினர். படங்கள் பெருகவே, அவர் தாம் கண்டதை ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிவிட, மற்றொருவர் அதைக் கேட்டுத் தட்டெழுதலானார். இந்த இரண்டாமவரே மருத்துவப் படியெடுப்பாளர்.

1990-களின் இறுதியில் இவ்வேலை கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. அமெரிக்காவில் இரவாகும்போது இங்கே பகல் அல்லவா? அங்குள்ள மருத்துவர் மாலையில் பேசி அனுப்பியதைச் சென்னையிலும் பெங்களூரிலும் தட்டெழுதி, அவர் விழித்தெழுவதற்குள் திருப்பி அனுப்பினர். 'மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்' பயிற்சிப் பலகைகள் நம் நகரங்களில் தொங்கின. பட்டதாரிகள் பலர் பணம் கட்டிக் கற்றனர். அது எளிய வேலையன்று. 'ஹைப்பர்டென்ஷன்' என்றால் உயர் இரத்த அழுத்தம். 'ஹைப்போடென்ஷன்' என்றால் தாழ் இரத்த அழுத்தம். விரைந்த பேச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கும். எது சரி என்பதை முன்பின் வாக்கியங்களைக் கொண்டே படியெடுப்பாளர் தீர்மானிக்க வேண்டும்.

இவ்விருவருள் கணிப்பொறி முதலில் யாருடைய வேலையைப் பறிக்கும்? 2016-இல் கணிப்பொறி அறிஞர் ஜெஃப்ரி ஹின்டன், இனிக் கதிரியல் மருத்துவர்களுக்குப் பயிற்சியளிப்பதையே நிறுத்திவிடலாம் என்றார். ஐந்தாண்டுகளில், மிஞ்சினால் பத்தாண்டுகளில், இயந்திரமே மேலாகப் படம் பார்க்கும் என்பது அவர் கணிப்பு. இவர்தாம் 2024-இல் ஹாப்ஃபீல்டுடன் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

நடந்தது என்ன என்பதைக் காண்போம்.

முதலில் பேச்சு. 1952-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் 'ஆட்ரி' என்னும் கருவி, ஒருவர் உச்சரிக்கும் எண்களை மட்டும் இனங்கண்டது. 1970-களில், எந்த ஒலியைத் தொடர்ந்து எந்த ஒலி வரக்கூடும், எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்னும் நிகழ்தகவுக் கணக்கு இத்துறையில் புகுந்தது. 1997-இல் இடைவெளியின்றிப் பேசினாலும் எழுதித் தரும் 'டிராகன்' மென்பொருள் விற்பனைக்கு வந்தது. பின்னர் மருத்துவமனைகளில் இயந்திரமே முதற்படியை எழுதியது, படியெடுப்பாளர் திருத்துபவரானார். திருத்தும் வேலைக்குக் கூலியும் குறைந்தது. அவர் செய்த திருத்தங்களோ இயந்திரத்துக்குப் பாடமாயின! இறுதியில், தாம் பேசியது திரையில் எழுத்தாக விரிவதைக் கதிரியல் மருத்துவர் தாமே பார்த்துத் திருத்தலானார்.

அடுத்துப் படம். மார்பகப் புற்றுநோயைப் படத்தில் சுட்டிக்காட்டும் கணிப்பொறிக்கு 1998-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. ஆனால் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு ஏமாற்றம் தந்தது. அக்கருவியைப் பயன்படுத்திய இடங்களில் திசுச் சோதனைகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடின. கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. புதிய செயற்கை நுண்ணறிவு அதைவிடத் திறன் மிக்கது. 2023-இல் சுவீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட சோதனையின் முதல் முடிவுகள் வெளியாயின. அங்கே ஒவ்வொரு படத்தையும் இரு மருத்துவர்கள் பார்ப்பது வழக்கம். ஐயம் குறைந்த படங்களை இயந்திரம் பிரித்துத் தரவே, அவற்றை ஒருவர் பார்த்தால் போதுமாயிற்று. புற்றுநோய் கண்டறிதல் குறையவில்லை. படம் பார்க்கும் பளு மட்டும் 44 விழுக்காடு குறைந்தது. பளு குறைந்தாலும் மருத்துவர் நீக்கப்படவில்லை. தாம் மிகப் பொதுப்படையாகப் பேசிவிட்டதாக 2025-இல் ஹின்டனும் ஒப்புக்கொண்டார்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் படிப்பின் உயர்வு தாழ்வு மட்டுமா? படியெடுப்பாளரின் வேலை ஒரே மாற்றம்: ஒலி எழுத்தாவது. அது சரியா என்பதைப் பேசியவரே உடனே சொல்லிவிடுவார். கதிரியல் மருத்துவரோ பழைய படத்தோடு ஒப்பிடுகிறார். வேறு சோதனை வேண்டுமா என்று முடிவு செய்கிறார். அறுவை மருத்துவருடன் கலந்து பேசுகிறார். ஊசி செலுத்தித் திசு எடுக்கிறார். இறுதியில் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கிறார். இயந்திரம் இவற்றுள் ஒன்றை மட்டுமே பகிர்ந்துகொண்டது.

இதில் ஓர் இழப்பும் உண்டு. மருத்துவர் வலக்காலின் முறிவை வாய் தவறி 'இடக்கால்' என்று சொல்லிவிட்டால், முந்தைய வரிகளோடு அது முரண்படுவதைக் கவனித்து ஐயம் எழுப்பியவர் அந்தப் படியெடுப்பாளரே. கையொப்பம் இல்லாத அந்தக் காவலை யாரும் வேலையாகக் கணக்கில் எழுதவில்லை. இன்று, களைத்த கண்களோடு மருத்துவர் தாமே அதையும் செய்ய வேண்டியுள்ளது.

தொழிலைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள், "இதை இயந்திரம் செய்யுமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. அத்தொழிலில் எத்தனை வேலைகள் அடங்கியுள்ளன, தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்பனவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.