சிறுநீர் மண்டலமும் திண்டுக்கல் சமவெளியும்

இரண்டு சிறுநீரகங்கள், அவற்றிலிருந்து இறங்கும் இரண்டு சிறுநீர்க்குழாய்கள், ஒரு சிறுநீர்ப்பை, வெளியேறும் புறவழி ஆகியவை சேர்ந்ததே சிறுநீர் மண்டலம். கழிவை வெளியேற்றும் மண்டலம் என்று பள்ளியில் படிக்கிறோம். அதைவிடப் பெரிய வேலை, உடம்பிலுள்ள தண்ணீருக்கும் உப்புக்கும் கணக்கு வைத்துக் காப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் திண்டுக்கல் சமவெளியில், சித்திரை வெயிலில் காட்டு வேலை பார்க்கிறவருக்கு அந்தக் கணக்குத்தான் உயிர்.

இடுப்பில் கையூன்றி நிற்கும்போது கட்டைவிரல் முதுகில் எங்கே படுகிறதோ, அதற்குச் சற்று மேலே, கடைசி விலா எலும்புகளின் மறைவில் சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவரை விதையின் வடிவம். சுமார் 11 செ.மீ. நீளம், 150 கிராம் எடை. மேலே கல்லீரல் இருப்பதால் வலப்பக்கச் சிறுநீரகம் சற்றே தாழ்ந்திருக்கும். இத்தனை சிறிய உறுப்புகளுக்கு, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போகிறது. ஒவ்வொன்றிலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள். நெஃப்ரானின் தலையில் குளோமருலஸ் என்னும் தந்துகி முடிச்சு இருக்கிறது. அது ரத்த அணுக்களையும் பெரிய புரதங்களையும் நிறுத்திவிட்டு, நீரையும் அதில் கரைந்தவற்றையும் வடித்து விடுகிறது.

ஒரு நாளில் இப்படி வடிவது 180 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பிடித்தால் பன்னிரண்டு குடம். அதில் வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவே. மீதியை நெஃப்ரானின் நுண்குழல்கள் சர்க்கரையோடும் உப்போடும் ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. தண்ணீர் குறையும்போது மூளை வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதைக் கேட்டுச் சிறுநீரகம் இன்னும் இறுக்கிப் பிடித்து, ரத்தத்தைப்போல் நான்கு மடங்கு அடர்த்தியாகச் சிறுநீரைச் சுண்டவைக்கும். ஆனாலும் அன்றாடக் கழிவைக் கரைத்து அனுப்ப அரை லிட்டராவது வேண்டும். வெயிலில் நின்று வந்த அன்று சிறுநீர் அடர் மஞ்சளாக, சொட்டுச் சொட்டாக, எரிச்சலோடு இறங்கும். 'சூடு பிடிச்சிருச்சு' என்பார்கள். தண்ணீர் குடித்தும் எரிச்சல் நீங்காவிட்டாலோ காய்ச்சல் கூடினாலோ அது கிருமித்தொற்றாக இருக்கக்கூடும். அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

ரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பது, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினைச் சுரப்பது, வைட்டமின் 'டி'யைப் பயன்படும் நிலைக்கு மாற்றுவது ஆகியவையும் சிறுநீரகத்தின் பொறுப்பே.

சிறுநீர்க்குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளமும், 3, 4 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட தசைக்குழாய். சிறுநீர் அதில் தானாக ஒழுகி விழுவதில்லை. குழாய் அலையலையாகச் சுருங்கித் தள்ளுகிறது. படுத்திருந்தாலும் சிறுநீர் பைக்குப் போய்ச் சேருவது அதனால்தான். இக்குழாய் மூன்று இடங்களில் குறுகும்: சிறுநீரகத்தை விட்டுப் புறப்படும் இடம், இடுப்பு எலும்பின் விளிம்பைக் கடக்கும் இடம், பைக்குள் நுழையும் இடம். கல்லடைப்புக்காரரை உருளவைக்கும் வலி பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் கல் சிக்குவதால் வருவது. விலாவில் தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்குவரை அது இறங்கும். ஐந்து மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும்.

'எங்க ஊர் உப்புத் தண்ணிதான் கல்லுக்குக் காரணம்' என்று இங்கே சொல்லாதவர் குறைவு. அதைவிடப் பெரிய காரணம் வியர்வையில் நீர் போய்ச் சிறுநீர் சுண்டுவதுதான். கற்களில் மிகுதி கால்சியம் ஆக்சலேட். கால்சியம் என்ற பெயரைக் கேட்டுப் பாலையும் மோரையும் நிறுத்துவது தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வைத்துவிடுகிறது. நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிப்பதே மீண்டும் கல் வராமல் தடுக்கும் முதல் வழி. வாழைத்தண்டுச் சாறும் குடிக்கலாம், தண்ணீருக்கு ஈடாக அல்ல.

சிறுநீர்ப்பை 400 முதல் 500 மி.லி. கொள்ளும்; 150, 200 வந்ததுமே உணர்வு தட்டும். அதன் வாயில் இரண்டு சுருக்குத் தசைகள். உள்ளே இருப்பது நம் பேச்சைக் கேட்காது, வெளியே இருப்பது கேட்கும். புறவழி ஆணுக்குச் சுமார் 20 செ.மீ., பெண்ணுக்கு 4 செ.மீ. மட்டுமே. பெண்களுக்குக் கிருமித்தொற்று அதிகம் வர இந்தக் குறுகிய வழி ஒரு காரணம். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும், வந்ததை அடக்கிவைப்பதும் இன்னொரு காரணம். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காய்கறிக் காடுகளில் களை எடுக்கும் பெண்களுக்கும், வேடசந்தூர் நூற்பாலைகளில் நிற்கும் பெண்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை.

குடிநீருக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் உப்பும் குரோமியமும் கலந்த கழிவு நெடுங்காலம் நிலத்தில் இறங்கியது. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் 13 கிராமங்களில் நடந்த ஆய்வில், 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததாக உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. குரோமியத்தின் ஆறு இணைதிற வடிவம், நுண்குழல் செல்களையே தாக்கும் நஞ்சு. மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடும் லிட்டருக்கு 1.5 மி.கி. என்ற வரம்பைத் தாண்டுகிறது. உடம்பிலிருந்து அதை வெளியேற்றுவதும் சிறுநீரகமே. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது எலும்பில் கூடுதலாகத் தங்கும்.

சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணங்கள் சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும். பாதி வேலை நின்றுபோன பிறகும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும், சிறுநீரில் புரதம் பார்ப்பதும் காட்டிக்கொடுக்கும். முற்றிலும் செயலிழந்தால் மாற்றுச் சிறுநீரகம், அல்லது டயாலிசிஸ். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோருக்குத் திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன.

ரத்தவழி டயாலிசிஸுக்கு முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைப்பார்கள். அதன்மேல் விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு தெரியும். காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பது நோயாளிகளின் வழக்கம்; அதிர்வு நின்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இயந்திரம் வேலை செய்வது வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மற்ற நேரத்தில் குடித்த நீர் உடம்பிலேயே தேங்கி, காலில் வீக்கமாகவும் படுத்தால் மூச்சுத்திணறலாகவும் தெரியும். அதனால் முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் கூட்டி, அவ்வளவே குடிக்கச் சொல்வார்கள். கத்திரி வெயிலில் அவர்கள் அந்த அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றிவைத்து, இரவுவரை மடக்கு மடக்காகக் குடிக்கிறார்கள்.