காரியத்து ராத்திரிக் கட்டியக்காரன்

சாவு வீட்டுக்கு மைக் செட் கட்டுகிறவனுக்கு இரண்டு மாதிரி வேலை வரும். பிணம் கிடக்கிற நாளில் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது ஒன்று. காரியத்து ராத்திரி கூத்துக்குக் கட்டுவது இன்னொன்று. முதலாவதில் ஆம்ப்ளிஃபயரை ஓடவிட்டு ஒரு மூலையில் சாயலாம். இரண்டாவதில் கண் அசந்தால் கூத்துக் கோமாளியான கட்டியக்காரன் மைக்கிலேயே பேர் சொல்லி எழுப்புவான். "மைக் செட்டுக்காரரும் அவர் கூடவே கெளம்பிட்டாரா பாருங்கப்பா" என்பான். ஊரே சிரிக்கும். செத்தவரின் சம்சாரமும் சிரிப்பார்.

எங்களுக்குப் பூர்வீகம் செய்யாறு பக்கம். புரிசைக் கூத்துக்காரர்கள் பேர் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் பேர் மாதிரி அடிபடும். அப்பா பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டார், பிறகு மைக் செட் வாங்கினார். நான் பெங்களூர் பொம்மனஹள்ளிக்கு வந்து கடை போட்டபோது, பேகூர் ரோட்டுச் சந்துகளில் திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பேச்சுதான் காதில் விழுந்தது. கார்மென்ட்ஸில் தைக்கிற பெண்கள், சென்ட்ரிங் வேலைக்குப் போகிற ஆண்கள். ஊரில் நிலத்தை விட்டுவிட்டு வந்தவர்கள்கூடச் சாவுச் சடங்கை விட்டுவிட்டு வரவில்லை. அதனால் என் பிழைப்பு நடந்தது.

வட தமிழ்நாட்டில் காரியத்துக்குக் கூத்து விடுவதென்றால் பெரும்பாலும் 'கர்ண மோட்சம்'தான். புகழேந்திப் புலவர் பேரில் வழங்கும் நாடகம் அது. சாவுக்குக் கர்ணன் ஏன்? போர்க்களத்தில் விழுந்து கிடக்கிறவனிடம் கிருஷ்ணன் கிழட்டுப் பிராமணனாக வந்து, அதுவரை செய்த தருமத்தின் பலனையெல்லாம் கேட்கிறான். கர்ணன் அதையும் தாரை வார்த்துவிடுகிறான். வாழ்நாள் முழுக்க 'என் மகன்' என்று ஊரறியச் சொல்லாத குந்தி, பிணமான பிறகு மடியில் போட்டு அழுகிறாள். வில்லிபுத்தூரார் பாரதத்திலேயே உள்ள கட்டம்தான். வீட்டில் ஒரு சாவு விழுந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கர்ணன் மோட்சம் போனால் நம்மவரும் போவார்.

ஆனால் அந்த அழுகை விடியற்காலையில்தான் வரும். ராத்திரி பத்து மணிக்கு மேளக்கட்டு தொடங்கினால் அதுவரை கூட்டத்தைத் தூங்காமல் வைத்திருப்பது யார்? அதற்குத்தான் கட்டியக்காரன். முதலில் களத்துக்கு வருபவனும் அவன்தான். ராஜாவைக் கூப்பிடுவான், ராஜாவையே கேலி பேசுவான், சேவகனாக இருப்பான், தோழியாக மாறுவான், யார் பத்து ரூபாய் அன்பளிப்புக் கொடுத்தார் என்று சொல்லிவிட்டு அந்தப் பத்து ரூபாயையும் கிண்டலடிப்பான். தலையில் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடமும் தோளில் புஜக்கட்டையுமாகக் கர்ணன் நின்றால், கட்டியக்காரன் கோமாளிக் குல்லாவோடு நிற்பான். கனமெல்லாம் அவருக்கு, வாய் இவனுக்கு.

ஒரு காரியத்தில் நடந்ததைச் சொல்கிறேன். செத்தவர் வட்டிக்கு விட்டவர். ஒரு பைசா விடமாட்டார் என்று பேர். சாயங்காலமே கட்டியக்காரன் என்னிடம் டீ குடித்துக்கொண்டே அவரைப் பற்றி நாலு விஷயம் கேட்டு வாங்கிக்கொண்டான். ராத்திரி கர்ணன் திரை விலக்கி வந்து, "அடே கட்டியக்காரா, இந்த ஊர்ல என்னடா விசேஷம்?" என்றார்.

"விசேஷம்தான் ராஜா. பெரியவர் ஒருத்தர் மேலோகம் போயிருக்காரு."

"போய்ச் சேர்ந்துட்டாரா?"

"எங்க சேர்றது? வாசல்லயே நிக்கிறாரு. எமன் பதினஞ்சு நாள் முன்னாடியே கூட்டிட்டு வந்துட்டானாம். அந்தப் பதினஞ்சு நாள் வட்டிய யாரு தர்றதுன்னு கேட்டு அவன் எருமைய ஜப்தி பண்ணிட்டாரு!"

கர்ணன் சிரிப்பை அடக்கித் தலையை ஆட்டியதில் கிரீடம், நடுக்களத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த என் மைக்கில் 'டங்'கென்று இடித்தது. குழாய் ஊளையிட்டது. "பாருங்க, பெரியவர் கேட்டுக்கிட்டுதான் இருக்காரு" என்றான் கட்டியக்காரன். செத்தவரின் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிப்பா அழுகையா என்று பார்த்தேன். முதலில் சிரிப்புத்தான். பதினாறு நாளாக வீட்டுக்கு வந்து போனவர்கள் எல்லாரும் செத்தவரை 'மகராசன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்டியக்காரன் ஒருத்தன்தான் அந்த அம்மாள் குடித்தனம் நடத்திய ஆளைப் பற்றிப் பேசினான்.

பொம்மனஹள்ளியில் இந்தச் சாவு வீட்டுச் சிரிப்புக்கு மரியாதை இருந்திருக்க வேண்டும். பெங்களூர் என்ற பேரே நமக்கு ஒரு சாவுச் செய்தியில்தான் கிடைத்திருக்கிறது. எங்கள் ரோடு போய்ச் சேரும் பேகூரில், நாகேசுவரர் கோயிலில் இருக்கும் சுமார் 890-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பெங்களூர்ச் சண்டையில் புட்டண செட்டி என்பவர் மாண்டதைச் சொல்கிறது. ஊர்ப் பேர் வரும் பழைய கல்வெட்டுகளில் முன்னால் நிற்பது அதுதான். ஐ.டி. கம்பெனி விளம்பரத்தில் இதைப் போட மாட்டார்கள்.

கன்னடக்காரர்களுக்கும் இந்தச் சிரிப்பு அந்நியமில்லை. 2015-ல் வந்த 'திதி' படத்தை எங்கள் சந்தில் மொழி தெரியாதவர்களும் பார்த்தார்கள். மண்டியா மாவட்டத்து நொதேகொப்பலு கிராமத்தில், நடிப்பு அறியாத ஊர்க்காரர்களையே வைத்து ராம் ரெட்டி எடுத்தது. போகிற வருகிறவர்களை வைதுகொண்டிருந்த 101 வயது செஞ்சுரி கவுடா பொட்டென்று போய்விடுகிறார். பதினோராம் நாள் திதிக்குள் பேரன் நிலத்தை விற்கத் தவிக்கிறான், மகன் கட்டப்பா எதிலும் ஒட்டாமல் குடித்துக்கொண்டே நடக்கிறார். லோகார்னோ விழாவில் பரிசு கொடுத்தார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஒரு காரியத்து வீட்டின் சமையல்கட்டுப் பக்கம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அத்தனை கதையும் கிடைக்கும்.

இருந்தும் கூத்து இந்தப் பக்கம் அடங்கிப்போனது. அடக்கியது டி.வி.யும் சினிமாவும் என்று பலர் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அடக்கியது கடிகாரம். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள், ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கூத்தின் நேரமும் கிட்டத்தட்ட அதே பத்திலிருந்து ஆறுதான்! திருவிழாக்களுக்காக வருஷத்தில் 15 நாட்கள்வரை, நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். சாவு அந்தப் பட்டியலைப் பார்த்தா வரும்? 2007-ல் பொம்மனஹள்ளி நகரசபை மாநகராட்சியோடு சேர்ந்தது. காலி மனைகளில் அபார்ட்மென்ட் எழும்பியது. விடிந்தால் ஷிப்டுக்குப் போகிறவனுக்குத் தூக்கம் வேண்டும் என்பதும் நியாயம்தானே. மைக் இல்லாமல் ஆடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்பா காலத்தில் ஆடினார்கள். அப்போது சுற்றிலும் வயல். ஓசூர் ரோட்டு லாரிச் சத்தத்துக்குக் கூத்தில் ஊதுகிற முகவீணை நிற்காது.

ஆக, காரியம் மண்டப வாடகைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சுருங்கிவிட்டது. யாராவது பிடிவாதமாகக் கூத்து விட்டால் சாயங்காலம் ஆறிலிருந்து பத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். எட்டு மணி நேரத்தை நாலாக்கும்போது எதை வெட்டுவது? கர்ணன் சாவை வெட்ட முடியாது, அதற்குத்தான் கூத்தே. கர்ணன் பெண்டாட்டி பொன்னுருவியின் தர்க்கத்தை வெட்டினால் பெண்கள் விடமாட்டார்கள். வெட்டு விழுவது கட்டியக்காரன் தலையில்.

போன வருஷம் சில்க் போர்டு நெரிசலில் வண்டி நகராதபோது, மகன் ஒரு ஆங்கில பாட்காஸ்டை என் காதில் மாட்டிவிட்டான். 'வுடன் ஓவர்கோட்ஸ்' என்று பேர். 2015 முதல் 2022 வரை வந்ததாம். சின்னத் தீவு ஒன்றில் இரட்டையராகப் பிறந்த ஒருத்தனும் ஒருத்தியும் சவ அடக்கக் கடை நடத்துகிறார்கள். எதிரிலேயே ஒருத்தன் பளபளவென்று போட்டிக் கடை திறக்கிறான். பாதி ஆங்கிலம் பிடிபடவில்லை, தொழில் போட்டி பிடிபட்டது. கதை சொல்வது யார் தெரியுமா? பழைய கடையில் குடியிருக்கும் ஒரு எலி. எனக்குச் சட்டென்று கட்டியக்காரன் நினைவுதான் வந்தது. சாவு வீட்டில் கேலி பேச வேண்டுமென்றால் அந்த வீட்டுத் துக்கத்தில் பங்கில்லாத, ஆனால் அங்கேயே வளையவருகிற ஒருத்தர் வேண்டும். எழுதியவர்கள் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். குறை ஒன்றுதான்: அவரவர் காதுக்குள் தனியாகச் சிரித்துக்கொள்கிறோம். செத்தவரின் சம்சாரம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அடுத்த வார்த்தையைப் பேசுவது வேறு வித்தை. ஒரு வார்த்தை கூடினால் அடி விழும். குறைந்தால் கூட்டம் தூங்கிவிடும்.

மைக் செட்டுக்காரனிடம் யோசனை கேட்கும் வழக்கம் இல்லை. இருந்தாலும் கூத்து வாத்தியார்கள் டீ குடிக்க வரும்போது சொல்லித்தான் பார்க்கிறேன்: நாலு மணி நேரக் கூத்தில் யுத்தத்தைச் சுருக்குங்கள், கட்டியக்காரனுக்கு முக்கால் மணி நேரம் கொடுங்கள். கர்ணன் வேஷக்காரருக்குக் கோபம் வருமே என்கிறார்கள். பெரும்பாலும் கர்ணன் வேஷம் வாத்தியாருடையதுதான்.