பெருந்தமனி அழற்சியில் பெட்-சிடி ஸ்கேன்

பெருந்தமனியிலும் அதன் முதன்மைக் கிளைகளிலும் ஏற்படும் அழற்சியைக் கண்டறிய உதவும் கூட்டுப் படச் சோதனை பெட்-சிடி ஸ்கேன். திசுக்கள் குளுக்கோஸை எந்த அளவு உறிஞ்சுகின்றன என்பதைப் பெட் பதிவு செய்யும். அது உடலின் எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதைச் சிடி காட்டும். இரண்டையும் ஒரே கருவியில் இணைத்த முதல் மாதிரி, டேவிட் டவுன்சென்ட், ரொனால்ட் நட் ஆகியோரின் முயற்சியால் உருவாகி, 1998இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக்கு வந்தது.

நோய்கள்

பெரிய தமனிகளைத் தாக்கும் அழற்சி நோய்களில் இரண்டு முக்கியமானவை. இராட்சத செல் தமனி அழற்சி 50 வயதைக் கடந்தோருக்கு வருவது. ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தக்கயாசு 1908இல் விழித்திரை மாற்றங்களைக் கொண்டு விவரித்த தக்கயாசு நோய், பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களைத் தாக்குகிறது. காய்ச்சல், உடல் மெலிவு, களைப்பு, இரத்தத்தில் உயர்ந்த அழற்சிக் குறியீடுகள் (ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.) ஆகியவை வேறு பல நோய்களிலும் காணப்படுவதால், தொடக்கத்தில் நோயை இனங்காண்பது கடினம். நெற்றிப்பொட்டுத் தமனியில் எடுக்கும் திசுச் சோதனை, பெருந்தமனியில் மட்டும் உள்ள அழற்சியைத் தவறவிடக்கூடும்.

செயல்படும் விதம்

கதிரியக்க ஃப்ளூரின்-18 இணைந்த எஃப்.டி.ஜி. என்னும் குளுக்கோஸ் போன்ற பொருள் சிரையில் ஊசி வழியாகச் செலுத்தப்படுகிறது. அழற்சியுள்ள தமனிச் சுவரில் குவியும் வெள்ளணுக்கள் இதை மிகுதியாக உள்ளிழுக்கின்றன. உள்ளே சென்ற எஃப்.டி.ஜி. சாதாரண குளுக்கோஸைப் போல முழுதும் எரிந்துபோகாமல் செல்லிலேயே தங்கிவிடுகிறது. ஃப்ளூரின்-18 வெளியிடும் பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானுடன் மோதி அழியும்போது, எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் பாய்கின்றன. கருவி அவற்றைப் பிடித்துப் படமாக்குகிறது. இதனால் தமனி சுருங்குவதற்கோ வீங்குவதற்கோ முன்பே அழற்சி தென்படலாம்.

சோதனையும் மதிப்பீடும்

நோயாளி குறைந்தது 6 மணி நேரம் உணவின்றி இருக்க வேண்டும்; இரத்தச் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஊசி போட்டு ஏறத்தாழ 60 நிமிடம் கழித்துப் படம் எடுக்கப்படும். தமனிச் சுவரின் ஒளிர்வு கல்லீரலின் ஒளிர்வுடன் ஒப்பிடப்படுகிறது: ஒளிர்வே இல்லையெனில் 0, கல்லீரலைவிடக் குறைவெனில் 1, சமமெனில் 2, மிகுதியெனில் 3. மூன்றாம் படிநிலை அழற்சியை வலுவாகச் சுட்டும். இரண்டாம் படிநிலை ஐயத்துக்குரியது.

வரம்புகள்

ஸ்டீராய்டு மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே ஒளிர்வு மங்கத் தொடங்குவதால், சிகிச்சைக்கு முன்போ தொடங்கிய உடனேயோ ஸ்கேன் எடுப்பது நல்லது. ஆனால் இராட்சத செல் தமனி அழற்சியால் பார்வையிழப்பு ஏற்படும் ஆபத்து இருந்தால், ஸ்கேனுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. தமனிகளில் கொழுப்புப் படிவுள்ள முதியோருக்கும் ஒளிர்வு தென்படலாம். அது பெரும்பாலும் திட்டுத்திட்டாக இருக்கும், அழற்சியோ நீண்டு தொடர்ந்து பரவியிருக்கும். அறிகுறிகள் தணிந்த பிறகும் சிலருக்கு ஒளிர்வு நீடிப்பதால், அதை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டுவதில்லை. செலவும் கதிர்வீச்சும் மற்றக் குறைகள். அடிக்கடி கண்காணிக்க வேண்டிய இளம் நோயாளிகளுக்கு, கதிர்வீச்சைத் தவிர்க்க எம்ஆர்ஐ பயன்படுகிறது. பெட்டும் தேவையெனில் பெட்-எம்ஆர்ஐ கதிர்வீச்சைக் குறைக்கும்.