அறைவீடும் அத்தாட்சியும்: தமிழகக் கிறிஸ்தவத்தில் வெளிக்காட்டலும் உள்விசுவாசமும்

இந்துப் பட்டியல் சாதியில் பிறந்து, கிறிஸ்தவர் ஒருவரை மணந்த ஒரு மருத்துவரின் சாதிச் சான்றிதழை அதிகாரிகள் ரத்து செய்தனர். அவருடைய மருத்துவமனைச் சுவரில் அவர்கள் ஒரு சிலுவையைப் பார்த்திருந்தார்கள். அவர் மதம் மாறிவிட்டார் என்ற முடிவுக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தைச் செல்லாததாக்கியது. கணவருடனும் பிள்ளைகளுடனும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்வருவதால் மட்டும் ஒருவர் தம் பிறவிச் சமயத்தைத் துறந்துவிட்டார் என்றாகாது என்பது நீதிமன்றத்தின் நிலை.

விசுவாசத்தை வெளியே காட்டுவது மேலா, உள்ளே வைத்திருப்பது மேலா என்ற விவாதம் கிறிஸ்தவத்தில் பழையது. தெருமுனைப் பிரசங்கம், ஒலிபெருக்கி, காரின் பின்கண்ணாடியில் ஒட்டிய வசனம் ஆகியவற்றைப் பகட்டு என்றும், ஓசையில்லாத தனிச்செபத்தை உண்மைப் பக்தி என்றும் பிரித்துவைப்பது படித்தவர்களிடையே வழக்கமாகிவிட்டது. தமிழக வரலாற்றின் முன் இந்தப் பிரிவினை நிற்காது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ஒருவர் தம் விசுவாசத்தை எவ்வளவு வெளியே சொல்கிறார் என்பதைக்கொண்டு அதன் ஆழத்தை அளக்க முடியாது. அவர் பிறந்த சாதியும், அவர் ஆணா பெண்ணா என்பதும், அரசு அவரிடம் கேட்கும் காகிதமும் வெளியே சொல்லும் அளவைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

1. எச்சரிக்கை யாருக்கு?

அமைதியான பக்திக்கு எப்போதும் காட்டப்படும் ஆதாரம் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம். பிறர் காணவேண்டுமென்று வீதிச் சந்திகளில் நின்று செபிப்பவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செபிக்கச் சொல்கிறார். பழைய தமிழ் வேதாகமம் அந்த அறையை 'அறைவீடு' என்கிறது. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்குச் சாமான்களைச் சேர்த்துவைக்கும் உள்ளறை என்பது பொருள். பூசைக்கோ செபத்துக்கோ என்று ஒதுக்கிய இடமில்லை அது.

அதே நூலின் ஐந்தாம் அதிகாரம் விளக்கைத் தண்டின்மேல் வைக்கச் சொல்கிறது. பத்தாம் அதிகாரமோ மனிதர் முன்பாகத் தம்மை அறிக்கையிடுபவரைத் தாமும் தந்தையின் முன் அறிக்கையிடுவதாக இயேசு சொல்வதைக் கூறுகிறது. இவை முரண்படுவதாகத் தோன்றுவது நாம் இடத்தை மட்டும் பார்ப்பதால்தான். ஆறாம் அதிகாரத்தின் கவனம் பலனில் இருக்கிறது. சந்தியில் செபிப்பவர் ஊர் மெச்சுதலைப் பெற்றுக்கொண்டார். அதோடு அவர் கணக்கு தீர்ந்தது. பத்தாம் அதிகாரம் பேசும் சூழலில் அறிக்கையிடுபவருக்குக் கிடைப்பது மெச்சுதல் அன்று. விசாரணையும் குடும்பப் பிரிவும்தான். வெளிக்காட்டல் கூலி தரும் இடத்தில் அறைவீட்டுக்குப் போகவேண்டும்; அது விலை கேட்கும் இடத்தில் வாய்திறக்கவேண்டும். இப்படி வாசித்தால் மூன்று அதிகாரங்களும் ஒன்றையே சொல்கின்றன.

ஆனால் விலையைக் கேட்பவர் யார், அது யாருடைய தலையில் விழுகிறது என்பதை நற்செய்தியின் ஏடு நமக்குச் சொல்லாது. அதற்கு ஊருக்குள் வரவேண்டும்.

2. தேரும் தெருவும்

தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயத்தின் திருவிழா ஆகஸ்ட் 5-இல் நிறைவடைகிறது. சில குறிப்பிட்ட ஆண்டுகளில் மட்டும் அங்கே பொன்தேர் ஓடும். முதன்முதலில் அது இழுக்கப்பட்டது 1806-இல். 1530-களில் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்ற இக்கடற்கரை மீனவரான பரதவர்கள் தங்கள் சாதித்தலைமையையும் கடற்கரை ஊர்களின் கட்டமைப்பையும் விட்டுவிடாமலேயே கத்தோலிக்கரானார்கள். வடம் பிடிக்கும் மீனவரிடம் போய் இது உம் சொந்த நம்பிக்கையா, வெளிச்சடங்கா என்று கேட்டால் கேள்வியே அவருக்கு விளங்காது. அங்கே விசுவாசம் முதலில் ஊருடையது. தனி ஆள் அதற்குள் பிறக்கிறார். இதைப் பகட்டு என்று ஒதுக்குவது சீர்திருத்தச் சபைகளின் அளவுகோலை எடுத்து வேறொரு உலகத்தை அளப்பதாகும்.

ஊருடைய விசுவாசத்துக்கு இன்னொரு முகமும் உண்டு: ஊருக்குள் யார் அடக்கம் என்பதை அந்த ஊரின் சாதிதான் முடிவுசெய்கிறது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் இறையூரில் தலித் கத்தோலிக்கர்களின் சவ ஊர்வலம் பொதுத்தெரு வழியாகப் போவது பற்றியும், தனிப் பங்குத்தளம் கேட்டும் நெடுநாள் இருந்த பகை 2008 மார்ச்சில் கலவரமாக வெடித்தது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். தலித் மக்களும் அவர்களை எதிர்த்த ஆதிக்கசாதியாரும் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள். தலித் மக்கள் கேட்டது பொதுவெளியில் விசுவாசத்தைக் காட்டும் உரிமை. இன்னும் திருத்தமாகச் சொன்னால், தங்கள் இறந்தோரைத் தெருவில் தூக்கிச்செல்லும் உரிமை. உள்ளத்தில் விசுவாசம் இருந்தால் போதாதா, ஊர்வலம் எதற்கு என்று அவர்களிடம் சொல்வது எவ்வளவு பக்தியாகத் தொனித்தாலும் ஆதிக்கத்தின் குரலேயாகும்.

3. பந்தியில் வைத்த சோதனை

உள்ளம் வேறு, வெளிவழக்கம் வேறு என்ற வாதத்தின் வரலாறு இங்கே கவனிக்கத்தக்கது. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிடவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு படி மேலே போனது. பிறசாதியார் சமைத்த உணவை உண்ண மறுப்பவர் சாதியை விட்டவராகக் கருதப்படமாட்டார் என்ற கருத்தை அது தீர்மானமாக வைத்தது. மனமாற்றத்துக்குப் பந்தியே அத்தாட்சியாயிற்று. அறைவீட்டைப் பிரசங்கித்தவர்களே எல்லோரும் பார்க்கக்கூடிய சான்றைக் கேட்டார்கள்.

தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் இத்தகைய கட்டாயத்தை எதிர்த்தனர். பெரும்புலவரான வேதநாயகம் சாஸ்திரியார் அவர்களுக்காக எழுதினார். இருக்கை, உணவு, உடை, பாட்டு ஆகியவை நாட்டு வழக்கம். இரட்சிப்போ உள்ளத்தின் காரியம். முன்னதில் கைவைக்க மிஷனரிக்கு உரிமையில்லை என்பது அந்தத் தரப்பு வாதத்தின் சாரம். தமிழ்ப் பண்பாட்டைப் பாதுகாக்கும் குரலாக இதைக் கேட்கலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் தேவாலயத்தில் தனித்து உட்காரும் உரிமையும் அதே வாதத்தின் நிழலில்தான் பாதுகாக்கப்பட்டது. விசுவாசம் முழுக்க அகத்துக்குரியது என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் உட்காருபவருக்கு அதனால் எந்த மாற்றமும் வரவேண்டியதில்லை.

ஆகவே உள்விசுவாசம் என்ற கருத்து தன்னளவில் தூய்மையானது என்று கொள்வதற்கில்லை. இறையூரில் அது தாழ்த்தப்பட்டவரிடம் அடங்கியிரு என்கிறது. தஞ்சாவூரில் உயர்ந்தவரிடம் இருந்தபடியே இரு என்கிறது.

4. ஞானஸ்நானத்தின் வாசலில்

இதற்கு மறுகோடியில், உள்விசுவாசத்தைத் தவிர வேறு எதையும் வைத்திருக்க முடியாத மனிதர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். 1915-இல் சென்னைச் சமூகச் சீர்திருத்தவாதி கந்தசாமி செட்டி, தாம் ஏன் கிறிஸ்தவர் அல்லர் என்பதை விளக்கி ஒரு கட்டுரை வாசித்தார். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர் அவர். ஞானஸ்நானம் பெற்றுச் சபையில் சேரவேண்டும் என்பதைத்தான் ஏற்கவில்லை. படித்த, செல்வாக்குள்ள ஓர் ஆண் மேடையேறி அறிவித்த மௌனம் அது.

சிவகாசிப் பெண்களின் மௌனம் அப்படிப்பட்டதன்று. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சிவகாசியில் இருந்த 'இரகசியக் கிறிஸ்தவர்கள்' பற்றி எலைசா கென்ட் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, இந்துக் குடும்பங்களுக்குள் இருந்துகொண்டு இயேசுவை வழிபட்ட பெண்களைப் பேசுகிறது. ஹெர்பர்ட் ஹோஃபர் 1991-இல் 'சபையில்லாக் கிறிஸ்தவம்' என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்ட நூல், தமிழகக் கிராமங்களிலும் சென்னை நகரிலும் ஞானஸ்நானம் பெறாத விசுவாசிகள் இருப்பதைக் களஆய்வு வழியே காட்டியது. இந்நாட்டில் ஞானஸ்நானம் என்பது ஒரு சமூகத்தை விட்டு இன்னொரு சமூகத்தில் சேர்வதாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. பெண்ணுக்கு அதன் பொருள் இன்னும் கூர்மையானது. பிறந்த வீட்டு உறவும், பிள்ளைகளின் திருமணமும், கணவன் வீட்டில் தன் இடமும் அந்தத் தண்ணீரில் கரையக்கூடும்.

இவர்களை நிக்கொதேமுவோடு ஒப்பிடுவது சபை மேடைகளில் எளிதாக நடக்கிறது. யோவான் நற்செய்தியில் இரவில் இயேசுவைத் தேடிவந்தவர் அவர். பயத்தால் மறைந்திருந்த சீடரான அரிமத்தியா யோசேப்புடன் சேர்ந்து பிற்பாடு இயேசுவின் உடலை அடக்கம் செய்தவர். ஒப்புமை ஓரளவுதான் பொருந்தும். நிக்கொதேமு யூதத் தலைவர்களில் ஒருவர். தம் இரவையும் பகலையும் தாமே தேர்ந்துகொள்ளக்கூடியவர். ஓரறை வீட்டில் மாமியாருடன் வாழும் பெண்ணுக்குச் சாத்திக்கொள்ளக் கதவே கிடையாது. அவளுக்கு அறைவீடு என்பது அடுப்படியில் உதடு அசையாமல் சொல்லும் செபம்.

5. சாட்சி என்ற சொல்

சபையில் 'சாட்சி சொல்வது' என்றால் தேவன் தம் வாழ்வில் செய்ததை எழுந்துநின்று கூறுவது. நீதிமன்றத்திலும் அதே சொல்தான். பட்டியல் சாதிக் கிறிஸ்தவரின் வாழ்வில் இந்த இரண்டு சாட்சிகளும் ஒன்றுக்கொன்று எதிரிகளாக நிற்கின்றன.

1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, அதன் மூன்றாம் பத்தியின்படி, முதலில் பெரும்பாலும் இந்துக்களையே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. சென்னைச் சாலையோரத்தில் செருப்பு தைத்த ஒரு தொழிலாளி, இந்துத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை கிறிஸ்தவரானதால் தமக்கு மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் அவர் தோற்றார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவும் இடையூறும் தொடர்கின்றன என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்றது தீர்ப்பு.

2024 நவம்பர் 26-இல் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அத்தாட்சியின் பக்கம் முழுமையாகச் சாய்ந்தது. அவர் குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். ஆலயத்துக்குத் தவறாமல் போய்வந்தவர். அப்படிப்பட்டவர் வேலைக்காக மட்டும் தம்மை இந்து என்று சொல்வது அரசமைப்பின்மீது செய்யும் மோசடி என்றார்கள் நீதிபதிகள். 2021-இல் ஆலயத்துக்குப் போவது மதமாற்றத்துக்குச் சான்றாகவில்லை. 2024-இல் அது சான்றாயிற்று. இரு வழக்குகளின் உண்மைநிலைகள் வேறு, ஞானஸ்நானம் இருந்ததா இல்லையா என்ற வேறுபாடும் முக்கியமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டிலும் அரசு பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றைத்தான்: ஒருவர் எங்கே போகிறார், சுவரில் எதை மாட்டுகிறார், எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. சலுகை வேண்டும்போது இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமையில் கிறிஸ்தவராகவும் இருப்பது இரட்டை வேடம்தானே. அதற்கு உள்விசுவாசம் என்று அழகான பெயர் சூட்டலாமா? கேள்வி நேர்மையானது. ஞானஸ்நானத்தோடு சாதி இழிவும் நீங்கிவிடுகிறது என்றிருந்தால் இதற்குப் பதில் சொல்வது கடினம். இறையூர் அப்படி நீங்கவில்லை என்று காட்டுகிறது. வஞ்சனையாகத் தோன்றுவதில் பெரும்பகுதி, ஒரே மனிதரிடம் சாதியையும் விசுவாசத்தையும் ஒன்றுக்கொன்று விலையாக வைக்கச்சொல்லும் விதியிலிருந்து பிறப்பது. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் ஆலயத்தில் ஒரு பெயருமாக வளரும் பிள்ளை பொய்சொல்லக் கற்றுக்கொள்வது வீட்டில் மட்டுமன்று, படிவம் நிரப்பும்போதும்தான். பெரும்பாலான இரகசியங்களுக்கு முன்னால் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கிறது.

சபைக்கும் இதில் பங்குண்டு. மேடையில் சாட்சி சொன்னவருக்குக் கைதட்டுகிற சபை, சாட்சி சொல்ல முடியாதவரின் பெயரை எங்கும் எழுதிவைப்பதில்லை. வசதியுள்ளவர் வீட்டு முகப்பில் சிலுவை வைத்தால் அவருக்கு எதுவும் குறையாது. கூடுதலாக மதிப்பும் கிடைக்கும். மத்தேயு ஆறாம் அதிகாரம் இன்று முதலில் வாசிக்கப்படவேண்டிய இடம் அந்த முகப்புதான்.

6. முடிவாக

வெளிக்காட்டல், உள்விசுவாசம் என்ற இரண்டில் எது உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. காட்டுபவருக்கு என்ன கிடைக்கிறது, காட்டாதவர் எதிலிருந்து தப்புகிறார், இரண்டையும் முடிவுசெய்பவர் யார் என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்கவேண்டும். தூத்துக்குடித் தேரும், தஞ்சாவூர்ப் பந்தியும், சிவகாசி அடுப்படியும் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடை தருகின்றன.

எல்லா மறைப்பும் ஓர் இடத்தில் முடிந்துபோகிறது. ஞானஸ்நானம் பெறாத விசுவாசி இறந்தால் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குப் பெரும்பாலும் குழி இல்லை. உறவினர் தங்கள் வழக்கப்படி அவரை எரிக்கவோ புதைக்கவோ செய்வார்கள். இறையூர்த் தலித் கிறிஸ்தவருக்குச் சபையின் அடக்கம் உண்டு. பாடை போகும் தெருவில்தான் தடை. ஒருவருக்குக் குழியையும் மற்றவருக்குத் தெருவையும் மறுத்துவிட்டு, வாழும் காலத்தில் நீ ஏன் வாய்திறக்கவில்லை என்றோ, ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறாய் என்றோ கேட்கும் தகுதி சபைக்கும் அரசுக்கும் எங்கிருந்து வருகிறது என்பதை ஆய்வு இனி விசாரிக்கவேண்டும்.